மாடியில் இருந்தேன், ஆப் ரோட்டில் காட்டியது

வேலை, சம்பளம், லீவு: வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் கொழும்பில் 31 வருடம் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்)

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. போன் இருக்கிற இடத்தை வைத்து வரவு பதிகிற ஆப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். போனஸ், பிரசவ லீவு பற்றிய கேள்விகளை அடுத்த கிழமைக்கு வைத்துவிட்டு இந்த நான்குக்கும் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் கோட்டையில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் 17ஆம் மாடியில் வேலை செய்கிறேன். விரல் வைக்கிற மெஷினை எடுத்துவிட்டு எங்கள் போன்களில் ஒரு ஆப் போட்டிருக்கிறார்கள். ஒஃபிஸைச் சுற்றி 50 மீற்றர் வட்டத்துக்குள் நின்று அழுத்தினால்தான் வரவு விழும். போன மாதம் மூன்று நாள், நான் கதிரையில் இருக்கும்போதே வெளியே நிற்பதாகக் காட்டியது. ஒரு நாள் புள்ளி கடலுக்குள் நின்றது. அரை நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். மேலாளரிடம் சொன்னால் "சிஸ்டம் பொய் சொல்லாது" என்கிறார். என்ன செய்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். உங்கள் மேலாளரும் நம்ப வேண்டுமென்றால், அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

ஜீ.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. அவை அனுப்புகிற நேரக் குறிப்பை வாங்கி, குறைந்தது நான்கு செய்மதிகளின் தூரத்தைக் கணக்குப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. காலிமுகத்திடலில் திறந்த வானத்துக்குக் கீழே நின்றால் சாதாரண ஸ்மார்ட் போன்கூட 5 மீற்றர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். கோட்டையில் அப்படியில்லை. சிக்னல் பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சுற்றுப் பாதையில் வந்து சேரும். போன் அந்தச் சுற்றையும் நேர் தூரமென்று எடுத்துக்கொண்டு உங்களை வேறெங்கோ வைத்துவிடும். கட்டடத்துக்குள் அந்தச் சிக்னலும் தேய்ந்துவிடுவதால் பக்கத்து வைஃபைகளையும் தொலைபேசிக் கோபுரங்களையும் வைத்து மதிப்பிடும். கோட்டைக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? உங்கள் புள்ளி கடலில் நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கூகுள் மேப்பைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் தெரியும். "நான் இந்த வட்டத்துக்குள் எங்கேயோ நிற்கிறேன்" என்று போனே ஒப்புக்கொள்வதுதான் அது. அந்த வட்டம் 80 மீற்றருக்கு இருக்கும்போது ஒஃபிஸ் வேலியை, அதாவது வரவு விழுகிற எல்லை வட்டத்தை, 50 மீற்றரில் போட்டால், உள்ளே இருக்கிற ஆளும் வெளியே விழுந்துதான் ஆகவேண்டும். அன்ட்ரொயிட் ஆப் செய்கிறவர்களுக்குக் கூகுள் தருகிற வழிகாட்டலே இப்படியான வேலியைக் குறைந்தது 100 முதல் 150 மீற்றருக்குப் போடச் சொல்கிறது. உங்கள் ஒஃபிஸ் அதில் பாதியைப் போட்டிருக்கிறது. இதை மேலாளருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள்.

அதற்கு முதல் உங்கள் போனில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அன்ட்ரொயிட் 12 இலிருந்தும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 இலிருந்தும், ஓர் ஆப்புக்குத் துல்லியமான இடத்தைக் கொடுப்பதா, உத்தேசமான இடத்தை மட்டும் கொடுப்பதா என்று நாமே தெரிவு செய்யலாம். தவறுதலாக 'உத்தேசம்' என்று விட்டிருந்தால் ஆப்புக்கு உங்கள் வட்டாரம் மட்டும்தான் தெரியும். அப்படியானால் எத்தனை தரம் அழுத்தினாலும் சரிவராது. வைஃபையையும் போட்டு வையுங்கள், எதிலும் இணையத் தேவையில்லை. லிஃப்டுக்குள் ஏறிய பிறகு அழுத்தாமல், வாசலில் வானம் தெரிகிற இடத்தில் அரை நிமிடம் நின்று அழுத்துங்கள். பிழை காட்டினால் நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கட்டட வாசலில் பாஸ் தேய்க்கிற நேரம், கணினியைத் திறந்த நேரம் இரண்டும் எங்காவது பதிவாகியிருக்கும். அவற்றையும் ஒத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு ஒரு பையனின் ஞாபகம் வந்தது. 2018இல் நான் வேலை செய்த இடத்திலும் இப்படியொரு ஆப் வந்தது. எங்கள் களஞ்சியம் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், நாலு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நிலமட்டத்தில் இருந்தது. பகலிலும் லைட் போட வேண்டிய இடம். அங்கே ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை செய்தான். கொம்பனித் தெருவில் போர்டிங். தீபாவளி மாதச் சம்பளக் கணக்கில் அவனுக்கு நான்கு நாள் வரவில்லை என்று ஆப் காட்டியது. நான்தான் என் கையால் நான்கு நாள் நோ-பே (சம்பளமில்லாத நாள்) போட்டேன். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் வாங்கிய அடுத்த நாள் அட்வான்ஸ் கேட்டு வந்து நின்றான். ஏனென்று கேட்டபோதுதான், வீட்டுக்கு அனுப்பக் காசு போதவில்லை என்றான். அப்புறம் லொறிச் சிட்டைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு நாளும் காலை எட்டேகாலுக்கு முதலே சரக்கு இறக்கியதற்கு அவன் கையெழுத்து இருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் காசைத் திருப்பிப் போட்டோம். ஆனால் தீபாவளி போய்விட்டது. அவன் அந்தத் தரம் ஊருக்குப் போகவும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, ஆப் சொன்னதை மட்டும் வைத்து ஒருவருக்கும் நோ-பே போட்டதில்லை. முதலில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பேன். உங்கள் மேலாளருக்கு இந்தப் பக்கத்தை வெட்டிக் கொடுத்தாலும் நல்லதுதான்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் ஒன்பது பேர். நீர்கொழும்பு, களுத்துறை, அவிசாவளை லைன்களுக்குப் போகிற சேல்ஸ் ரெப்மார் ஐந்து பேர். ரெப்மார் எங்கே போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று நாள் முழுவதும் பார்க்கிற ஆப் ஒன்றை ஒருவர் விற்க வந்தார். இரவிலும் காட்டுமாம். போனும் நான்தான் கொடுத்திருக்கிறேன், சம்பளமும் நான்தான் கொடுக்கிறேன். பார்க்க எனக்கு உரிமை இல்லையா?
வர்த்தகர், கொழும்பு 11

பதில்: ஐயா, கடையில் நிற்கிற ஒன்பது பேரை இதற்குள் இழுக்க வேண்டாம். அவர்கள் உங்கள் கண் முன்னால் வந்து போகிறவர்கள். ஒரு வரவுப் புத்தகமும் சுவரில் ஒரு மணிக்கூடும் போதும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கார்ட் அடிக்கிற மெஷின்தான் இருந்தது. அதை வைத்து இருநூறு பேருக்குச் சம்பளம் போட்டோம்.

ரெப்மாரின் கதை வேறு. அவர்கள் கடைக்குப் போனார்களா என்று அறிய உங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது. அதற்கு, ஒவ்வொரு கடையிலும் ஓர்டர் எடுக்கும்போது ரெப் தானே அழுத்தி இடத்தைப் பதிகிற ஆப் போதுமானது. ஒரு நாளைக்கு முப்பது கடை என்றால் முப்பது புள்ளி. இடையில் எந்தச் சந்தியில் தேத்தண்ணீர் குடித்தார் என்பது உங்கள் வியாபாரத்துக்கு என்ன பிரயோசனம்? அன்ட்ரொயிட் 10 இலிருந்து, ஆப் திறந்திருக்கும்போது மட்டும் இடத்தைக் காட்டுகிற வசதி போனிலேயே இருக்கிறது. அதில் விடுங்கள்.

இரவு விஷயத்தில் நான் கடுமையாகத்தான் சொல்வேன். வேண்டவே வேண்டாம். ஒருவர் இரவில் எந்த ஆஸ்பத்திரியில் நிற்கிறார், எந்தக் கோவிலுக்குப் போகிறார், யார் வீட்டில் தங்குகிறார், எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனார், எல்லாம் அந்த வரைபடத்தில் விழும். நீங்கள் தேடிப் பார்க்காவிட்டாலும் அது அங்கே சேர்ந்து கிடக்கும். அந்த ஆப்பின் பாஸ்வேர்ட் உங்கள் கணக்குப்பிள்ளையிடமும் இருக்கும், விற்ற கம்பனியிடமும் இருக்கும். போன் உங்களுடையதாக இருக்கலாம், அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிற ஆளின் இரவு உங்களுடையதல்ல. கலிபோர்னியாவில் விற்பனை வேலையில் இருந்த ஒரு பெண், கம்பனி போட்ட ஆப் வேலை நேரத்துக்குப் பிறகும் தன்னைப் பின்தொடர்கிறது என்று அதைப் போனிலிருந்து நீக்கினார். அதற்காகத் தன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று 2015இல் வழக்குப் போட்டார். கடைசியில் இரு தரப்பும் இணங்கி முடித்துக்கொண்டார்கள்.

இங்கேயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. தனிப்பட்ட தரவு என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே, ஓர் ஆள் இருக்கும் இடம் பற்றிய தரவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. என்ன நோக்கத்துக்கென்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுதான் எடுக்க வேண்டும், தேவை முடிந்த பிறகும் வைத்திருக்கக் கூடாது. சட்டத்தின் சாரம் இது. பகல் விற்பனையைப் பார்க்க இரவுத் தரவு எப்படித் தேவையாகும்? ஆகவே ஆப் போடுவதற்கு முதல் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்ப்பேன், யார் பார்ப்பார்கள், எத்தனை மாதத்தில் அழிப்பேன். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஐந்து பேருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். டேட்டாச் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

விற்க வந்தவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதிவு உங்கள் பக்கம் மட்டும் பேசாது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி சாதாரண வேலை நாள் 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) கொடுக்க வேண்டும். காலை ஏழரைக்கு முதல் புள்ளி, இரவு எட்டுக்குக் களுத்துறையில் கடைசிப் புள்ளி என்று உங்கள் ஆப்பே எழுதி வைத்திருந்தால், அதுவே அந்த ரெப்புக்குச் சாட்சி. பிந்தி வந்த பத்து நிமிடத்தை வெட்ட அதைப் பார்க்கிறவர், நின்று வேலை செய்த இரண்டு மணித்தியாலத்தைக் கொடுக்கவும் அதையே பார்க்க வேண்டும். அதற்கு மனம் இருந்தால் ஆப் வாங்குங்கள், ஐயா.

கேள்வி: 138இல் வருகிறேன். பஸ் பிந்தினால் வரவும் பிந்துகிறது. போலியான இடத்தைக் காட்டுகிற ஆப் ஒன்றைக் கூட்டாளி ஒருவன் போட்டுத் தந்தான். பாவிக்கலாமா?
வாசகர், மகரகம

பதில்: வேண்டாம் தம்பி, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போலி இடத்தை அன்ட்ரொயிட் தனியாக அடையாளம் வைத்துத்தான் மற்ற ஆப்களுக்குக் கொடுக்கிறது, பல வரவு ஆப்கள் அதைக் கவனிக்கின்றன. பதினைந்து நிமிடம் பிந்தியதற்கு வேலை போகாது, பொய்ப் பதிவுக்குப் போகும். பிடிபட்ட பிறகு நீங்கள் உண்மையாக வந்த நாட்களையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அரை மணித்தியாலம் பிந்தி வந்து அரை மணித்தியாலம் பிந்திப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஹைலெவல் வீதியின் காலை நெரிசல் உங்கள் மேலாளருக்கும் தெரியும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. பம்பலப்பிட்டியில் ஓர் ஒஃபிஸில் துப்புரவு வேலை, கொன்ட்ராக்ட் கம்பனி ஒன்றின் கீழே. அடுத்த மாதத்திலிருந்து ஸ்மார்ட் போனில்தான் வரவு பதிய வேண்டும், இல்லாவிட்டால் நாள் சம்பளம் விழாது என்கிறார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். கடன்பட்டு வாங்கிக் கொடுப்பதா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கடன்பட வேண்டாம் மகள். வரவைக் குறித்து வைப்பது வேலை கொடுப்பவரின் கடமை. அதற்கான கருவியை அம்மாவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அந்த இடத்தின் மேற்பார்வையாளர் தன் போனில் எல்லோருக்கும் பதியலாம், இல்லையென்றால் ஒஃபிஸ் வாசலில் காவலாளியிடம் உள்ள புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்கலாம். இந்த இரண்டையும் சொல்லி, அம்மாவின் பெயரில் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிரதி ஒன்றில் திகதியோடு வாங்கியதாகக் கையெழுத்து எடுத்து வையுங்கள்.

அதோடு இன்று முதல் ஒரு சின்னக் கொப்பியில் அம்மா வந்த நேரம், போன நேரம், அன்று கூட வேலை செய்தவரின் பெயர் எழுதட்டும். அவருக்கு எழுதக் கஷ்டமென்றால் இரவில் கேட்டு நீங்கள் எழுதுங்கள். ஒரு நாள் வெட்டுப்பட்டால் அந்த நாள் சம்பளத்தோடு போகாது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் அம்மாவுடையது, 12 வீதம் கம்பனியுடையது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். சம்பளம் குறைந்தால் இவையும் குறையும். அம்மாவின் வயதில் இது பெரிய காசு.

கடிதத்துக்குப் பிறகும் சம்பளத்தை நிறுத்தினால் கொப்பியையும் கடிதப் பிரதியையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். தமிழில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். போவதற்கு முதல் அம்மாவின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளைப் படமெடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். சேமலாப நிதி ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.