பானையைக் கழற்றி வையுங்கள்: பின்ச் வளர்ப்போர் கேள்வி-பதில்

ராயபுரத்தில் மொட்டைமாடிக் கூண்டில் 3 ஜோடி ஜீப்ரா பின்ச் குருவிகள். ஐந்தாவது முறை முட்டை வைக்கும் நேரத்தில் ஒரு பெண் குருவி, இறகைச் சிலுப்பிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்து மறுநாள் செத்துவிட்டது. பனி ஒத்துக்கொள்ளவில்லையா?

பனி காரணமாகத் தெரியவில்லை. முட்டை உள்ளே சிக்கியிருக்கும். 'ஐந்தாவது முறை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு வலித்த இடம் அதுதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் இந்தப் பறவை கூடு கட்டும். நம் கூண்டில் தினையும் தண்ணீரும் எந்நாளும் நிறைந்திருப்பதால் அதற்கு வருஷம் முழுக்க மழைக்காலம்தான். அது தானாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. பிறகு முட்டை வைக்கும் பானையைக் கழற்றிவிட்டு ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் போகிறது.

அந்தச் சத்தை ஈடுகட்டக் கணவாய் மீனின் ஓடு வையுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. கணவாய் சுத்தம் செய்பவர்களிடம் அந்த ஓடு கேட்டு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்றாலும் அதேதான். நல்ல தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, உப்புப் போனதும் சுள்ளென்ற வெயிலில் காயவையுங்கள். கூண்டில் மாட்டும்போது, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் பக்கம் குருவியைப் பார்த்து இருக்க வேண்டும்.

இனி இப்படி ஒன்று உட்கார்ந்தால் சின்னப் பெட்டியில் விட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் 40 வாட்ஸ் குண்டு பல்பு போடுங்கள். சூடு அதிகமானால் தள்ளிப்போக இடம் வேண்டும். வயிற்றைப் பிதுக்கவே கூடாது, முட்டை உள்ளே உடைந்தால் பிழைப்பது அரிது. நேரம் கடத்தாமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

குஞ்சுகளைப் பானையிலிருந்து வெளியே தள்ளிவிடுகின்றன. மூன்று ஜோடி, மூன்று பானை. (தண்டையார்பேட்டை)

உயரத்தில் இருக்கும் பானைக்குத்தான் சண்டை. ஆறு பானையை ஒரே மட்டத்தில் மாட்டுங்கள். செல்போன் டார்ச் அடித்து எட்டிப் பார்ப்பதையும் விடுங்கள்.

ரெட் சிஸ்கின் ஜோடி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (பெரம்பூர்)

வேண்டாம். வெனிசுலாக் காட்டுப் பறவை அது. கேனரிப் பறவையோடு சேர்த்துச் சிவப்புக் குஞ்சு எடுப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே அருகிப்போனது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஜாவா குருவி வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள், அது இரண்டாம் பட்டியல்.

வலையில் சிக்கிய சில்லைகளை (முனியா குருவி) பின்ச்களோடு விடலாமா? (மாதவரம்)

கூடாது. நம் ஊர்ச் சில்லையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பச்சை, ரோஸ் சாயம் பூசி 'கலர் பின்ச்' என்று விற்பதும் பெரும்பாலும் சில்லைதான். குளித்தால் சாயம் வெளுத்துவிடும்.