அறையில் எச்.ஐ.வி. உள்ள கைதி: தம்பி எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: என் தம்பி ஐந்து மாதங்களாக மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். அவனுடைய அறையில் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் இருப்பதாகவும், அவரைத் தனியாக வைக்கச் சொல்லி எல்லோரும் மனுக் கொடுக்கப்போவதாகவும் சொன்னான். மூன்று வாரங்களுக்கு முன் வேறொரு கைதியிடம் பச்சை குத்திக்கொண்டானாம். “அந்த ஆள் திடமாகத்தான் இருக்கிறான், ஊசியையும் நெருப்பில் காட்டினான்” என்கிறான். கொசுக்கடியாலும் பொதுக் கழிப்பறையாலும் தொற்று வருமா?

பதில்: வராது. கொசு உறிஞ்சும் இரத்தத்தோடு போகும் வைரஸ் அதன் வயிற்றிலேயே செரித்து அழிந்துவிடுகிறது. கொசுவால் பரவுமென்றால், 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்ட நாள் முதல், கொசு கடிக்காத ஆளே இல்லாத நம் ஊர்களில், குழந்தைகளும் முதியவர்களும் அல்லவா பெருமளவில் பாதிக்கப்பட்டிருப்பார்கள்? தட்டு, குவளை, கழிப்பறை ஆகியவற்றாலும் பரவாது.

எனக்குக் கவலை தருவது அந்தப் பச்சைதான். தொற்று உள்ளவர் என்று தெரிந்த ஒருவரை ஒதுக்கிவிட்டால் மற்ற எல்லோரும் பாதுகாப்பானவர்கள் என்ற எண்ணம் சிறைகளில் எளிதாக வேரூன்றிவிடுகிறது. உண்மையில், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவுவதில்லை; பரிசோதனையே செய்துகொள்ளாத, பார்வைக்குத் திடமாக இருக்கும் ஆளிடம்தான் கவனம் தேவை, ஏனெனில் தொற்றுள்ளவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி இருக்கலாம். சிறைக்குள் வந்தபோது எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றால் பயமில்லை என்பதும், ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவில் இது தொற்றாது என்பதும் இதே வகையைச் சேர்ந்த தவறான நம்பிக்கைகள். ஆணுறையில்லாத குதவழி உறவில்தான் ஆபத்து மிக அதிகம்.

ஊசியின் முனையை நொடி நேரம் நெருப்பில் காட்டுவதைக் கிருமிநீக்கம் என்று சொல்ல முடியாது. பலருக்கும் ஒரே மையைத் தொட்டுக் குத்தியிருந்தால் அந்த மையிலும் இரத்தம் கலந்திருக்கும். ஆனாலும், பச்சையால் எச்.ஐ.வி. வருவது அரிது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகள் வருவதற்குத்தான் வாய்ப்பு கூடுதல், சவரப் பிளேடைப் பகிர்வதிலும் அப்படியே. போதை ஊசியைப் பகிர்வதோ வேறு வகை ஆபத்து: 2002இல் லித்துவேனியாவின் அலிட்டஸ் சிறையில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 300 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது கண்டறியப்பட்டது அதனால்தான்.

தொற்றைத் தடுக்கும் 28 நாள் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆகவே சிறை மருத்துவ அலுவலரிடம் சொல்லி, எச்.ஐ.வி.யோடு இரு வகை ஹெபடைடிஸுக்கும் இப்போது ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும். இப்போது இல்லை என்று வந்தாலும் அதை முடிவாகக் கொள்ளாமல், பச்சை குத்திய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து எச்.ஐ.வி. பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஹெபடைடிஸுக்கு எப்போது மறுபடி பார்ப்பது என்பதை மருத்துவர் சொல்வார். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, அதையும் கேட்கலாம்.

அந்த மனுவில் தம்பி கையெழுத்திட வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவரைத் தனிமைப்படுத்துவதைப் பாகுபாடு என்றே 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடை செய்கிறது; ஒருவரின் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், அவருடைய நிலையை வெளியிடுவதையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது, அந்தப் பாதுகாப்பு உங்கள் தம்பிக்கும் உண்டு. பரிசோதனைக்கு வழி கிடைக்காவிட்டால் வழக்கறிஞர் மூலமோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமோ எழுத்தில் கேளுங்கள். உங்கள் சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். பச்சை குத்திய ஆளின் பெயரை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டாம், சிறைக்குள் போகும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்படும்.