பெயர் போடாத சிப்பாயின் சாட்சியத்தை நம்பலாமா?

கேள்வி: இதழியல் முதுகலை படிக்கிறேன். இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் பணியாற்றிய இஸ்ரேலிய முன்னாள் வீரர்களின் சாட்சியங்களை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். பெரும்பாலானவற்றில் பேசியவரின் பெயர் இல்லை. பெயரில்லாததை ஆதாரமாக ஏற்க முடியாது என்கிறார் என் வழிகாட்டி. என்ன செய்வது? - வாசகி, மதுரை

பதில்: படிப்பவருக்குப் பெயர் தெரியாத சாட்சி வேறு, யாருக்குமே பெயர் தெரியாத சாட்சி வேறு. உங்கள் வழிகாட்டி இரண்டையும் ஒன்றாக்குகிறார். நீங்கள் படிப்பவை பெரும்பாலும் ‘பிரேக்கிங் த சைலன்ஸ்’ திரட்டியவையாக இருக்கும். மேற்குக் கரை நகரான ஹெப்ரானில் பணி முடித்து வந்த வீரர்கள் 2004-இல் தொடங்கிய அமைப்பு அது. அதே ஆண்டு டெல் அவிவில் அவர்கள் வைத்த புகைப்படக் கண்காட்சிக்குள் ராணுவப் போலீஸ் புகுந்து பொருள்களைப் பறிமுதல் செய்தது. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவர்களிடம் பேசியிருக்கிறார்கள். பேசியவர் யார் என்பது அமைப்புக்குத் தெரியும். விவரங்களைச் சரிபார்த்து, ராணுவத் தணிக்கைக்கும் அனுப்பிய பிறகே வெளியிடுகிறார்கள். 2016-இல் அரசே நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரைக் கேட்டது. தகவல் தந்தவரைக் காக்கப் பத்திரிகையாளருக்கு உள்ள உரிமை எங்களுக்கும் உண்டு என்று அமைப்பினர் வாதாடினார்கள். இதழியல் மாணவிக்கு இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

பெயரை ஏன் மறைக்கிறார்கள்? அங்கே பெரும்பாலான யூத இளைஞர்களுக்கு 18 வயதில் கட்டாய ராணுவப் பணி. அதன்பிறகும் அவ்வப்போது பணிக்குக் கூப்பிடும் ரிசர்வ் அழைப்பு வேறு. ஒருவர் வாய் திறந்தால், கூடப் படித்தவனைப் பற்றியும் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியும்தான் பேச வேண்டியிருக்கும்.

பெயர் போட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்ன? வீரராக இருந்தபோது ஹெப்ரானில் கைது செய்யப்பட்ட ஒருவரைத் தான் அடித்ததாக அந்த அமைப்பின் செய்தித் தொடர்பாளரே சொந்தப் பெயரில் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 2017-இல் அரசுத் தரப்பு வழக்கை மூடியது. பிறகு வெளிவந்த வீடியோவைப் பார்த்தால், விசாரித்தது வேறு ஒரு பாலஸ்தீனரை என்று தெரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். பெரும்பாலான சாட்சியங்களோடு பதவி, படைப்பிரிவு, இடம், காலம் ஆகியவை இருக்கும். பெயரை விட இவைதான் உங்களுக்கு முக்கியம். ஒரே ஊர், ஒரே காலம் என்று சாட்சியங்களைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். 1971-இல் டெட்ராய்ட்டில் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் கூடிச் சாட்சி சொன்னபோதும் இதே முறைதான்: பணி விடுப்புச் சான்றைக் கேட்டார்கள், ஒரே டிவிஷன்காரர்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். அப்புறம், தான் செய்தது, தன் கண்ணால் பார்த்தது, கேள்விப்பட்டது என்று வரிவரியாகப் பிரியுங்கள். ‘பிளட்டூனில் (சிறு படைக்குழுவில்) பேசிக்கொள்வார்கள்’ என்று வருவதெல்லாம் மூன்றாவது ரகம். அதைத் தனி ஆதாரமாக வைக்காதீர்கள்.

அதிர்ச்சியான சம்பவத்தைத் தேடி ஓடாதீர்கள் என்றும் சொல்வேன். இந்தச் சாட்சியங்களின் பலமே அன்றாட வேலையில் இருக்கிறது. ‘மேப்பிங்’ என்ற ஒன்று அடிக்கடி வரும். எந்தச் சந்தேகமும் இல்லாத வீட்டின் கதவை நள்ளிரவில் தட்டி, குழந்தைகள் உட்பட எல்லோரையும் எழுப்பி, அடையாள அட்டையைப் பார்த்து, அறைகளைத் தாளில் வரைந்துகொண்டு போவது. வரைந்த தாளை அப்புறம் யாருமே கேட்கவில்லை என்று சொன்ன வீரர்களும் உண்டு. ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று காட்டுவதற்காகவே இரவில் தெருக்களில் சத்தம் போட்டபடி ரோந்து போனதையும் சொல்கிறார்கள். வேறு வேறு ஆண்டுகளில், ஒருவரை ஒருவர் அறியாத வீரர்கள் ஒரே நடைமுறையை விவரிக்கிறார்கள் என்றால், அது ஒரு சிப்பாயின் துடுக்கு என்று ஒதுக்க முடியாது. அதை ராணுவத்தின் பக்கத்திலிருந்தே உறுதிசெய்ய முடிந்தால் இன்னும் நல்லது. விதிவிலக்கான சமயங்கள் தவிர மேப்பிங்கை நிறுத்துவதாக 2021-இல் ராணுவம் அறிவித்தது. நிறுத்துகிறோம் என்றால் அதுவரை நடந்தது என்றுதானே அர்த்தம்! தேடப்படுபவர் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டப் பக்கத்து வீட்டுப் பாலஸ்தீனரை அனுப்பும் வழக்கத்தையும் 2005-இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது.

செய்யக் கூடாதது ஒன்று: இவற்றை எண்ணி, ‘இத்தனை சதவீத வீரர்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். பேச முன்வந்தவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி எதையும் பார்க்கவில்லை என்று சொல்லும் வீரர்களும் உண்டு. அமைப்புக்கு வெளிநாட்டு அரசுகளின் பணம் வருகிறது என்ற விமர்சனமும் உண்டு. இரண்டையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை வேறு. தட்டிய கதவுக்குப் பின்னால் மறுநாள் காலை என்ன நடந்தது என்பது அந்தச் சிப்பாய்க்குத் தெரியாது. அதற்கு அந்த வீட்டுக்காரர்தான் சாட்சி. மேற்குக் கரையின் ரமல்லா நகரிலுள்ள பாலஸ்தீன மனித உரிமை அமைப்பான அல்-ஹக் 1979 முதல் இதைப் பதிவு செய்துவருகிறது. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலமின் களப்பணியாளர்களும் வீட்டாரின் வாக்குமூலங்களைச் சேகரித்திருக்கிறார்கள். பாலஸ்தீனர் பல ஆண்டுகளாகச் சொன்னதைச் சிப்பாய் ஒப்புக்கொண்ட பிறகுதான் நம்புவோம் என்ற தொனி கட்டுரையில் வந்துவிடக் கூடாது. முடிந்தால் வீட்டுக்காரரின் கூற்றை முதலிலும் சிப்பாயின் கூற்றை அடுத்தும் வையுங்கள். அடிக்குறிப்பில் பதவி, பிரிவு, இடம், ஆண்டு எழுதி, ‘பெயர் அமைப்பிடம் உள்ளது’ என்று சேர்த்தால் போதும். உங்கள் வழிகாட்டி கேட்பதற்கு அதுவே பதில்.