ஃபேஷீஸ்: முகமா, சாயலா?

அன்புள்ள ஐயா,

என் மகள் மருத்துவம் படிக்கிறாள். என் தம்பி மகன் நிலவியல் படிக்கிறான். பொங்கல் விடுமுறையில் பேசிக்கொண்டிருந்தபோது இருவருமே ‘ஃபேஷீஸ்’ என்ற சொல்லைச் சொன்னார்கள். அவளுக்கு அது நோயாளியின் முகத்தோற்றம். அவனுக்குப் பாறையின் தன்மை. இரண்டும் ஒரே சொல்தானா, தற்செயலான ஒற்றுமையா? தமிழில் இரண்டையும் ‘முகம்’ என்றே சொல்லிவிடலாமா?

ஆசிரியை ஒருவர், திருமங்கலம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரே சொல்தான். லத்தீனில் முகத்துக்கும் புறத்தோற்றத்துக்கும் அதுவே பெயர். அதை நிலத்துக்குக் கொண்டுவந்த நிக்கோலஸ் ஸ்டெனோ ஓர் உடற்கூற்றியலாளர். காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கன்னத்தின் வழியே வாய்க்கு வரும் நாளம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இத்தாலியின் டஸ்கனி நிலம் ஆறு தோற்றங்களைக் கடந்து வந்திருக்கிறது என்று 1669இல் எழுதியபோது அவர் இச்சொல்லையே கையாண்டார். ஆனால் உங்கள் மருமகன் படிக்கும் பொருளை அதற்குத் தந்தவர் ஸ்விட்சர்லாந்தின் அமான்ஸ் கிரெஸ்லி. அவரும் மருத்துவம் படிக்கப் போய்ப் பாறைகளிடம் வந்து சேர்ந்தவர் என்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் பிடிக்கும்.

அடுக்குகளை மேலிருந்து கீழாகப் பார்த்தால் காலம் தெரியும். கிரெஸ்லி ஜூரா மலைகளில் ஒரே காலத்து அடுக்கைப் பக்கவாட்டில் தொடர்ந்து நடந்தார். ஓரிடத்தில் பவளத் திட்டாக இருந்தது சற்றுத் தள்ளிச் சேற்றுப் படிவாக மாறியது. உள்ளே புதைந்திருந்த உயிரினங்களும் கூடவே மாறின. அந்த வேறுபாட்டுக்கே அவர் 1838இல் ஃபேஷீஸ் என்று பெயரிட்டார். நமக்கு இது புதிதன்று. வைகையில் வரும் ஒரே வெள்ளம் ஆற்றுப் படுகையில் மணலையும் கண்மாய்க்குள் வண்டலையும் விட்டுப் போகிறது. இரண்டுக்கும் வயது ஒன்று, தோற்றம் வேறு. அந்தத் தோற்றத்தைத் தந்தது படிந்த இடம்.

பின்லாந்தின் பென்டி எஸ்கோலா 1915 முதல் இதே சொல்லை உருமாறிய பாறைகளுக்கு விரித்தார். ஒரு பாறை முதலில் எதுவாக இருந்தது என்பதை விட்டு, எந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் பட்டு எழுந்தது என்பதைக் கொண்டு அதன் ஃபேஷீஸ் தீர்மானிக்கப்படுகிறது. மதுரை வட்டாரத்துப் பாறைகளில் பெரும்பகுதி கிரானுலைட் ஃபேஷீஸைச் சேர்ந்தவை. (மேலூர்ப் பக்கம் வெட்டி விற்கப்படும் கிரானைட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர்தான் நெருக்கம்.) சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் உள்ள சார்னகைட் என்ற இவ்வகைப் பாறையைப் புதிதாக உடைத்துப் பார்த்தால் எண்ணெய் பூசினாற்போன்ற ஒரு பசுங்கருமை தெரியும். பூமியின் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீரைத் தன்னுள் வைத்திருந்த கனிமங்கள் சிதைந்து பைராக்சீன் என்ற நீரில்லாத கனிமம் உருவானதன் அடையாளம் அந்தப் பாறை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் சில இடங்கள் 900 டிகிரியையும் தாண்டியிருக்கின்றன.

மருத்துவத்துக்கு வருகிறேன். கூரான மூக்கு, குழிந்த கண்கள், ஒட்டிய நெற்றிப் பொட்டு, குளிர்ந்து சுருங்கிய காதுகள்: சாவு நெருங்கியவரின் இந்தத் தோற்றம் இன்றும் பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்குகிறது. அவ்வருணனையை ஒட்டி வரும் எச்சரிக்கையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நோயாளி தூங்காமல் இருந்தாரா, வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்ததா, பட்டினி கிடந்தாரா என்று முதலில் கேட்கச் சொல்கிறது அது. அவற்றால் வந்த தோற்றமென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் மாறிவிடும். தொழுநோயின் ஒரு வகையில் வரும் சிங்க முகமும், பார்க்கின்சன் நோயில் அசைவற்றுப் போகும் முகமும் இப்படியே கேட்டுத் தெளிய வேண்டியவை.

என் சித்திக்கு ஒரு வருடம் கன்னம் உப்பி முகம் வட்டமானது. உடம்பு தேறிவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். இளைப்புக்காக யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை அவர் நிறுத்தாமல் விழுங்கிவந்தார் என்பதும், அது ‘நிலவு முகம்’ என்பதும் வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. கண்ட முகத்தை நம்பிய நாங்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

ஆகவே ‘முகம்’ என்ற சொல் எனக்குப் போதவில்லை. முகம் ஒருவருக்கே உரியது. கல்குவாரியில் வெட்டுப்பட்ட பரப்பையும் முகம் என்று சொன்னால் குழப்பம் வேறு வரும். நான் ‘சாயல்’ என்பேன். ‘அப்பத்தா சாயல்’ என்று நாம் சொல்வது உறவால் வருவது. ஃபேஷீஸ் என்பது உறவே இல்லாதவர்களுக்கும் ஒரே நோய் தருகிற சாயல், வேறு வேறாகப் பிறந்த பாறைகளுக்கு ஒரே வெப்பமும் அழுத்தமும் தருகிற சாயல். ‘சிங்கச் சாயல்’, ‘கிரானுலைட் சாயல்’ என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் காதுக்கு ஒத்துவருகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.