சீனா, ஆறு ஊர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். காந்தி ஜெயந்தி விடுமுறையோடு சேர்த்து அக்டோபர் முதல் வாரம் கிளம்பி, 15 நாளில் சீனாவைச் சுற்றிப் பார்க்கத் திட்டம். பெய்ஜிங், சியான், செங்டு, குன்மிங், குவாங்சோ, ஷாங்காய் என்று ஆறு ஊர் எழுதி வைத்திருக்கிறோம். மூவருக்கும் இதுதான் முதல் வெளிநாடு; ஒருவர் சைவம். கையைக் கடிக்காமல் போய்வர வழி சொல்லுங்கள். பெருஞ்சுவரில் எந்தப் பக்கம் ஏறுவது நல்லது?

ஒரு வாசகர், அவிநாசி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தேதியை மாற்றுங்கள். அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள். அன்று தொடங்கும் நீண்ட விடுமுறையில் நாடே பெட்டி தூக்கிக்கொண்டு ரயில் ஏறும். டிக்கெட்டும் கிடைக்காது, அறை வாடகையும் எகிறும். இரண்டு வாரம் தள்ளிப் போங்கள். கடுங்குளிர் அப்போதும் தொடங்கியிருக்காது.

அடுத்து, ஆறில் மூன்றை வெட்டுங்கள். பெய்ஜிங்–குவாங்சோ அதிவேக ரயில் பாதை 2,298 கி.மீ., சென்னையிலிருந்து டெல்லி போவதைவிட அதிகம். அதிவேக ரயில் எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், காசையும் அதே வேகத்தில் தின்னும். சாப்பாட்டுச் செலவை அடக்கலாம், அறைச் செலவை அடக்கலாம். ஊர்விட்டு ஊர் ஓடும் செலவு நம் பேச்சைக் கேட்காது. பெய்ஜிங், சியான், ஷாங்காய் போதும். சியானை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1974இல் உழவர்கள் கிணறு வெட்டப் போய்த்தான் அங்கே மண்ணுக்குள் புதைந்திருந்த சுடுமண் படைவீரர் சிலைகள் வெளியே வந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதைக் கண்ணால் பார்க்கலாம். (நம் ஊரில் அகழாய்வு நடந்த கொடுமணலைப் பார்த்தாகிவிட்டதா? சென்னிமலைக்குப் பக்கம்தான்.)

பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு இரவு ரயிலைப் பிடியுங்கள். ‘கடினப் படுக்கை’ என்ற வகுப்பின் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் உண்டு. ஒரு பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் மூன்று, கதவு கிடையாது. மேல் படுக்கை விலை குறைவு, ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. ஓர் இரவு அறை வாடகை மிச்சம். பெட்டியின் கோடியில் கொதிநீர்க் குழாய் இருக்கும். கோப்பை நூடுல்ஸோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். உங்கள் சைவ நண்பர் அங்கேயே அவலை நனைத்துப் பருப்புப்பொடி போட்டுப் பிசைந்துகொள்ளலாம். வெளியே அவர்பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். கீரையைக்கூடச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். எதெல்லாம் ஆகாது என்று சீன எழுத்தில் ஓர் அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்க, சீன ரயில்வேயின் 12306 இணையதளத்தில் ஆங்கிலப் பக்கம் உண்டு. 15 நாளுக்கு முன்புதான் விற்பனை திறக்கும். பாஸ்போர்ட்டே டிக்கெட்.

நம் ஊர் யுபிஐ பழக்கத்தை நம்பிப் போகாதீர்கள். அங்கே பணம் கட்ட உதவும் அலிபே செயலியை இங்கேயே இறக்கி, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். அந்த அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி திறந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் பெரிய தொகையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். வங்கியின் ஓடிபி உங்கள் இந்திய சிம்முக்குத்தான் வரும். ரோமிங் போடாமல் போனால் கார்டு கையிலிருந்தும் பட்டினிதான். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே தடை என்றாலும், ரோமிங் இணைப்பில் பொதுவாக வேலை செய்யும். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெருஞ்சுவருக்கு முதியான்யூ பக்கம் போங்கள். பாதாலிங்கில் கூட்டம் அதிகம்.