நீரைத் தேடும் வாயு: ஹைட்ரஜன் குளோரைடு பற்றிய கேள்வி பதில்

குளோரின் சார்ந்த ஆலைகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒன்றுதானே? (பிளஸ் டூ மாணவி)

பதில்: இல்லை. ஹைட்ரஜன் குளோரைடு நிறமற்ற, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள வாயு. காற்றைவிட ஏறத்தாழ 1.27 மடங்கு கனமானது. அது நீரில் கரைந்த பிறகே அமிலம் என்று பெயர் பெறுகிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 700 கிராமுக்கும் மேல் கரைந்துவிடும் அளவுக்கு அதற்கு நீர்ப்பசி உண்டு. அடர் அமில பாட்டிலைத் திறந்ததும் எழும் வெண்புகை, வெளியேறும் வாயு காற்றின் ஈரத்தைப் பிடித்து உண்டாக்கும் நுண்ணிய அமிலத் துளிகளே. முற்றிலும் உலர்ந்த வாயுவில் உலர்ந்த நீல லிட்மஸ் தாள் சிவக்காது; ஈரத் தாளே சிவக்கும். இந்த வாயுவின் பயனும் ஆபத்தும் நீரோடு அதற்குள்ள உறவிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: கழிவறை ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடர் கலந்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகுமா?

பதில்: ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும். சன்னலில்லாத சிறு குளியலறையில் அது உயிரையே பறிக்கக்கூடும்.

கேள்வி: நம் வயிற்றிலும் இதே அமிலம்தானா?

பதில்: ஆம், மிக நீர்த்த நிலையில்.

கேள்வி: அமிலம் வைக்க எவர்சில்வர் தொட்டி போதாதா? (சிறு தொழில் முனைவோர்)

பதில்: போதாது. குளோரைடு அயனிகள் எவர்சில்வரின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக் குழி குழியாக அரித்துவிடும். உட்புறம் ரப்பர் பூசிய எஃகுத் தொட்டியோ, உரிய தரமுள்ள பிளாஸ்டிக் தொட்டியோ தேவை.

கேள்வி: அப்படியானால் வாயுவை மட்டும் சாதாரண எஃகு சிலிண்டரில் அடைப்பது எப்படி? கசிந்தால் நீரைப் பீய்ச்சினால் கரைந்துவிடும் என்கிறார்களே? (ஆலைத் தொழிலாளர்)

பதில்: உலர்ந்த வாயு எஃகைப் பெரிதாக அரிப்பதில்லை, அதனால் அடைக்க முடிகிறது. நீரைக் கசியும் இடத்தின்மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். அங்கே உருவாகும் அமிலம் துளையை அரித்துப் பெரிதாக்கும். பரவும் மேகத்தின்மீது தூவல்போலத் தெளித்து, வழிந்தோடும் அமில நீரைச் சாக்கடைக்குள் விடாமல் தடுத்து நிறுத்த வேண்டும்.

மறுப்பு (அதே தொழிலாளர்): நாங்கள் பல ஆண்டுகளாக வால்வின் மேலேயே நீர் ஊற்றி வருகிறோம். எதுவும் ஆகவில்லை.

பதில்: ஒருமுறை தப்பியது அடுத்த முறைக்கு உத்தரவாதமாகாது. ஈரம் உலோகத்தை அடையும் இன்னொரு வழியையும் சொல்கிறேன். சிலிண்டர் வாயுவை நீருக்குள் செலுத்தி வேலை முடிந்து வால்வை மூடும்போது, குழாயில் எஞ்சிய வாயு கரைந்து வெற்றிடம் உண்டாவதால், நீர் பின்னோக்கி உறிஞ்சப்படுகிறது. வால்வு சரியாக மூடாமல் அந்த ஈரம் சிலிண்டருக்குள் புகுந்தால் அரிப்பு உள்ளிருந்தே தொடங்கும். இதைத் தடுக்க இடையில் ஒரு வெற்றுக் குடுவையை வைக்காத எவரையும் நான் கண்டிக்காமல் விட்டதில்லை.

நீரால் இந்த வாயுவைப் பிடிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லெப்லாங்க் முறையில் உப்பிலிருந்து சலவைச் சோடா தயாரித்த ஆலைகள் இந்த வாயுவை அப்படியே புகைபோக்கியில் விட்டதால் சுற்றுவட்டார மரங்களும் வேலிச்செடிகளும் கருகின. 1836இல் வில்லியம் காசேஜ் என்ற சோடா உற்பத்தியாளர், நீர் சொட்டும் கோபுரத்தில் வாயுவைக் கரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய ஆலைகளுக்காக வந்த 1863ஆம் ஆண்டின் காரச் சட்டம் (Alkali Act) குறைந்தது 95 விழுக்காட்டு வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்றது. நீரும் வாயுவும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதே நம் விவாதம். அது உலோகத்தின் மேல் அல்ல.

கேள்வி: எவ்வளவு சுவாசித்தால் ஆபத்து?

பதில்: அமெரிக்கப் பணியிட விதிகள் காற்றின் பத்து லட்சம் பங்கில் 5 பங்கைத் தாண்டக்கூடாத உச்சமாக வைக்கின்றன, 50 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கொள்ளப்படுகிறது. இருமல் தணிந்த பின்னும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆகவே நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: பிளீச்சுடன் கொஞ்சமாக ஆசிட் சேர்க்கலாமா?

பதில்: மேலே பதிலளித்துவிட்டேன். கொஞ்சமும் கூடாது.

கேள்வி: ஆசிட் முதலில், பிளீச் பிறகு என்று மாற்றி ஊற்றினால்?

பதில்: வரிசை மாறினாலும் வெளிப்படுவது அதே குளோரின்தான். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றொன்றை அன்று தொடவே வேண்டாம்.