தொப்புளுக்கு மேலே ஒரு புள்ளி: உப்புசத்துக்கு அழுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதமாக இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல்லாகிவிடுகிறது, ஏப்பம் நிற்பதில்லை. அக்குபங்சர் செய்பவர் தொப்புளுக்கு மேலே 'சோங்வான்' என்ற புள்ளியில் ஊசி போடுகிறார். வீட்டில் விரலால் அழுத்தவும் சொல்கிறார். செய்யலாமா டாக்டர்?

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் அதற்கு முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

அவர் சொன்ன புள்ளி சரியானதுதான். உடலின் முன்புற நடுக்கோட்டில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் 'ரென்' என்ற சக்திப் பாதையில் 24 புள்ளிகள் உண்டு. கீழிருந்து எண்ணினால் இது 12ஆவது. 'சோங்' என்றால் நடு, 'வான்' என்றால் இரைப்பைப் பகுதி. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த அக்குபங்சர் நூலிலேயே இது இரைப்பைக்குரிய புள்ளியாக இருக்கிறது. மந்தம், குமட்டல், விக்கல், புளியேப்பம் எல்லாவற்றுக்கும் சீன மருத்துவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். கூடவே மணிக்கட்டுக்கு மேலுள்ள நெய்குவான், முழங்காலுக்குக் கீழுள்ள சுசான்லி புள்ளிகளிலும் ஊசி போடுவார்கள். சிலர் மாசிப்பத்திரி இனத்து இலையைக் கொளுத்தி அனல் காட்டுவார்கள். உங்களுக்கு அது வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூட்டுப்புண் ஆற நாளாகும்.

பலன் உண்டா? சாப்பிட்டபின் வயிறு நிறைந்து தவிக்கும் 278 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நான்கு வாரத்தில் 12 முறை, பல புள்ளிகளில் ஊசி. அவர்களில் 83 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் ஒப்பிடுவதற்காகப் புள்ளியே அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்ட மற்றவர்களிலும் 52 சதவீதத்தினர் தேறினார்கள்! உதவி உண்மை, ஆனால் அதில் எவ்வளவு புள்ளியால் வந்தது என்பதை இந்த இடைவெளியை வைத்துப் பாருங்கள்.

வீட்டில் செய்வதானால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மல்லாந்து படுங்கள். தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் சரிபாதியில் இரண்டு விரலை வைத்து, மூச்சை விடும்போது மெல்ல அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். விரலுக்கடியில் கட்டி போல ஏதாவது துடித்தால் அழுத்தவே கூடாது. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசி என்றால் ஒருமுறை பயன்படுத்தும் புது ஊசிதானா என்று கேட்டு வாங்குங்கள். அங்கே ஆழமாகக் குத்தக் கூடாது, கல்லீரலின் விளிம்பு பக்கத்திலேயே இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே உப்புசம் தரலாம். நாள்பட்ட சர்க்கரையால் இரைப்பை மெதுவாகக் காலியாவதும் உண்டு. இரைப்பையில் தங்கும் எச். பைலோரி கிருமிக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை குறைந்தால், மலம் கறுத்தால், விழுங்கச் சிரமம் இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஈசிஜி ஏன் என்றால், சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல், இதே இடத்தில் வாயுத்தொல்லை போல வரலாம். மாடி ஏறும்போது அங்கே அடைத்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, புள்ளியைத் தேடாதீர்கள் அம்மா. அந்த நிமிடமே 108ஐக் கூப்பிடுங்கள்.